‘லேசான சளிதான்’ என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

பெருந்தொற்று நேரத்தில் பிள்ளையை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்விதான். தங்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மா ‘லேசான சளிதான்’ என்று மழுப்பாமல் உண்மையைச் சொல்வார்களா? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அவர்களுக்கே உண்மை தெரிந்திருக்குமா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் கோபம் ஒரு பக்கமும் கிருமி இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன.

கோவிட்-19 வந்த ஒருவர், அறிகுறி தெரிவதற்குச் சுமார் 2 நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிட முடியும். 2020 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா பே பகுதியில், பெரியவர்கள் அணிக்கு 11 பேராகச் சேர்ந்து உள்ளரங்கில் ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் மறுநாள்தான் வந்தன. ஆட்டம் முடிந்த 5 நாட்களுக்குள் 22 வீரர்களில் 14 பேருக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் அறிகுறிகள் தெரிந்தன. அவர்களில் 13 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. ஆட்டத்துக்கு முன்னால் அந்த முதல் வீரரிடம் யார் கேட்டிருந்தாலும் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பார். அது பொய்யே அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். பலருக்கு அறிகுறியே வராது. வந்தாலும் மூக்கொழுகல், தலைவலி, வயிற்றுவலி என்று வேறு எதையோ போலத் தெரியும். காய்ச்சல் இல்லாமலே தொற்று வந்து போவதும் உண்டு. வாசலில் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரைக் காட்டுவது பலரைத் தவறவிடுவது இதனால்தான்.

அப்படியானால் பெற்றோர் சொல்லுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஊரில் 100 பிள்ளைகளில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு அணியும் சேர்ந்து 30 பேர் வந்தால், அவர்களில் ஒருவராவது கிருமியோடு வரும் வாய்ப்பு 26 சதவீதம். 0.99 என்ற எண்ணை 30 முறை பெருக்கி, வந்ததை 1-இலிருந்து கழித்தால் இது கிடைக்கும். இனி, தொற்றுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அறிகுறி வெளியே தெரிகிறது, எல்லாப் பெற்றோரும் நேர்மையாக வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கொள்வோம். வாய்ப்பு 14 சதவீதமாக இறங்குகிறது. பெற்றோரில் பாதிப் பேர்தான் நேர்மை என்றால் 20 சதவீதம். நேர்மை பெரிய வேலை செய்கிறது. ஆனால் அத்தனை பேரும் அரிச்சந்திரனாக இருந்தாலும் அந்த 14 அப்படியே நிற்கும்.

அந்த மிச்சத்தைக் குறைப்பது காற்றோட்டத்தின் வேலை. மூச்சிரைக்க ஓடும்போது நுரையீரலுக்குள் போய்வரும் காற்றின் அளவு ஓய்வில் இருப்பதைப்போல 10 மடங்குக்கும் மேலே போகும். கூடவே வெளியேறும் நுண்துளிகளும் பெருகும். 2020 தொடக்கத்தில் தென்கொரியாவின் சோனான் நகரில் நடன உடற்பயிற்சி வகுப்புகளைச் சுற்றி 112 பேருக்குத் தொற்று பரவியது. அங்கே தொற்று வந்த பயிற்றுநர்களில் ஒருவர், 7, 8 பேரை வைத்து யோகாவும், பிலாட்டீஸ் என்ற மெதுவான உடற்பயிற்சியும் சொல்லித்தரும் வகுப்பு எடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. மூச்சின் வேகமும் கூட்டமும் எவ்வளவு முக்கியமாக இருக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. திறந்த மைதானத்தில் ஆடுவதும், உள்ளரங்கில் எதிரெதிர் கதவுகளைத் திறந்து வைப்பதும், ஓய்வு நேரத்தில் எல்லோரையும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைக்காததும் யார் சொல்லையும் நம்பி இருப்பவை அல்ல. அவற்றின் பலமே அதுதான்.

சரி, தெரிந்தும் ஏன் மறைக்கிறார்கள்? பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. சொன்னால் பிள்ளைக்கு அணியில் இடம் போகும், கட்டிய பணம் திரும்ப வராது, ஒருவர் வேலைக்கு விடுப்புப் போட வேண்டும், மொத்த அணியும் தனிமைப்பட்டால் பழி தன் வீட்டின்மேல் விழும். இத்தனை பாரத்தை ஒரு உண்மையின் தலையில் ஏற்றினால் யாருக்கும் அது “அலர்ஜியாக இருக்கும்” என்றுதான் தோன்றும். அவர்களே அதை நம்பியும் விடுவார்கள். ஆகவே விதியை மாற்ற வேண்டும். உடம்பு சரியில்லை என்று வராத நாள் வருகைக் கணக்கில் குறையக் கூடாது. அடுத்த ஆட்டத்தில் இடம் பறிபோகக் கூடாது. யாருக்குத் தொற்று என்ற பெயர் வாட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது.

கேட்கும் விதமும் முக்கியம். “பையன் நல்லா இருக்கானா?” என்றால் “நல்லா இருக்கான்” என்ற பதில்தான் வரும். ஆமாம், இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல் மருந்து கொடுத்தீர்களா? புதிதாக மூக்கொழுகல், தொண்டைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா? முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேளை பாராசிட்டமால் காய்ச்சலை 4 முதல் 6 மணி நேரம் இறக்கி வைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. காலை 6 மணிக்குக் கொடுத்தால் 8 மணி ஆட்டத்தில் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2021-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் கோவிட் கிருமியின் டெல்டா வகை பரவியபோது, கூடத்துக்கு வந்தவர்களில் 20 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. அவர்கள் வீடுகளிலோ அது 53 சதவீதம். வீட்டில் ஒருவர் இருமுகிறார் என்றால் பிள்ளை அடுத்த ஆள் என்றே எண்ண வேண்டும்.

ரேபிட் டெஸ்ட் கிட் கைகொடுக்கும், ஆனால் ஒரு முறை ‘இல்லை’ என்று காட்டியதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் 2 முறை, இல்லாவிட்டால் அதே இடைவெளியில் 3 முறை செய்யச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. ‘உண்டு’ என்று காட்டினால், அதை நம்பி வீட்டில் நிறுத்துவதே சரி.

கடைசியாக, கார். ஒன்றரை மணி நேரம் திறந்த மைதானத்தில் ஆடிய நான்கு பிள்ளைகள், வியர்வையோடும் மூச்சிரைப்போடும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அரை மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். மைதானத்தில் காப்பாற்றியது இங்கே போய்விடலாம். சேர்ந்து போயே ஆக வேண்டுமென்றால், ஏசியில் உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்துவிட்டு, முன்னால் ஒரு ஜன்னலையும் அதற்கு எதிர்மூலையில் பின்னால் ஒன்றையும் நான்கு விரல் அளவுக்காவது இறக்குங்கள். ஒரே ஜன்னலைத் திறந்தால் காற்று அந்த இடத்திலேயே சுற்றும், எதிர்மூலை இரண்டும் திறந்திருந்தால் குறுக்கே ஓடி வெளியேறும். முகக்கவசம் மூக்கையும் மூடியிருக்கட்டும். வாரம் முழுக்க அதே இரண்டு வீட்டுப் பிள்ளைகளே ஒன்றாகப் போய்வரட்டும், தினம் ஒரு காரில் மாறி மாறி ஏற்ற வேண்டாம்.