பத்து மணிப் பூவின் இரவு வேலை

"கோடையில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் மாடியில் செம்பருத்தி, ரோஜா எல்லாம் காய்ந்து கிடந்தன. பத்து மணிப் பூ மட்டும் பூத்துக்கொண்டிருந்தது. அதெப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

சதைப்பற்றான இலையும் தண்டும் தண்ணீரைச் சேர்த்து வைக்கின்றன என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். உண்மைதான், ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி எனக்கு உயிர்.

பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கரியமில வாயு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகும். வெயில் ஏறினால் இன்னொரு தொல்லை: ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனைப் பிடித்து வேலையைக் கெடுத்துக்கொள்ளும். கரும்பும் மக்காச்சோளமும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரு செல் வாயுவைப் பிடித்து, அமிலமாக்கி, பக்கத்துச் செல்லுக்குத் தள்ளிவிடும். அங்கே ரூபிஸ்கோவுக்கு வாயு செறிவாகக் கிடைக்கும். இது சி4 பாதை. சப்பாத்திக்கள்ளியின் வழி வேறு. இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். விடிந்ததும் துளையைச் சாத்திக்கொண்டு, அமிலத்தை உடைத்து உணவு சமைக்கும். இது சி.ஏ.எம். பாதை.

இந்த இரண்டாவது வழியை நாக்கால் கண்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹேன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆனவர். ரணகள்ளி இலை காலையில் நல்ல புளிப்பாக இருக்கிறது, மதியம் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னியன் சங்க இதழில் வந்தது. இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்ப்போமே, அதே ரணகள்ளிதான்.

சரி, பத்து மணிப் பூ இதில் எந்தப் பக்கம்? இரண்டும்! தண்ணீர் கிடைக்கும்வரை கரும்பு போலப் பகல் வேலை. மண் காய்ந்தால் கள்ளி போல இரவு வேலையும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றினால் பழையபடி பகல் வேலைக்கே திரும்பிவிடும். ஒரே இலையில் இரண்டும் இருப்பது மிக அபூர்வம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, தனித்தனி இடங்களில்தான் நடக்க முடியும் என்ற கருத்து வெகுகாலம் இருந்தது. 2022இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் நெருங்கிய உறவான பருப்புக்கீரையை எடுத்து, எந்த மரபணு எந்தச் செல்லில் வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு பாதைகளும் ஒரே செல்களுக்குள் ஓடின! இரவில் சேர்ந்த அமிலம் பகலில் சி4 பாதைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. இரவில் ஊறவைத்ததைப் பகலில் அதே அடுப்பில் ஏற்றுவது மாதிரி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாம் வரப்பில் பிடுங்கிப் போடும் கீரை இது. வறட்சி தாங்கும் பயிர் வேண்டும் என்று கோடிகளைச் செலவழிக்கும்போது, அதில் ஒரு சிறு பங்காவது இப்படிப்பட்ட செடிகளைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சிக்கு நம் கல்லூரிகளில் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், வளர்ப்பு. பத்து மணிப் பூவின் தாயகம் அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கம். உறைபனி விழும் நாடுகளில் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நம் பக்கம் கிளையை ஒடித்து நட்டுக்கொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் நீடிக்கும். நான்கு விரல் நீளத் தண்டு போதும், மணல் கலந்த மண், அடியில் ஓட்டை உள்ள தொட்டி, நாள் முழுக்க வெயில். மேல் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அளவு மீறினால் தண்டு அழுகிவிடும். மேகம் மூடிய நாளில் பூ சரியாக விரியாது, பயப்பட வேண்டாம். அதற்கு வெயில் வேண்டும், அவ்வளவுதான்.

ஹேன் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். ரணகள்ளி வேண்டாம், அதில் நச்சுப்பொருள் உண்டு. கீரைக்காரரிடம் வாங்கிய பருப்புக்கீரைத் தண்டை இரண்டு தொட்டிகளில் நட்டு, வேர் பிடித்ததும் ஒன்றைச் சில நாள் காயவிடுங்கள். நான் அப்படிச் செய்து, விடியற்காலையில் காய்ந்த தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி மென்றேன். பச்சை மாங்காய் கடித்தது போல் பல் கூசியது. அதே தொட்டியில் சாயங்காலம் கிள்ளிய இலையில் அந்தப் புளிப்பு பாதிகூட இல்லை. தண்ணீர் ஊற்றி வைத்திருந்த தொட்டியிலோ காலைக்கும் மாலைக்கும் பெரிதாக வித்தியாசமே தெரியவில்லை.