‘அஃப்ரே’: தெருச் சண்டைக்குச் சட்டம் வைத்த பெயர்

பர்மியத் தண்டனைச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, இருவரோ அதற்கு மேற்பட்டவரோ பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைப்பதை ‘அஃப்ரே’ என்னும் குற்றமாக வரையறுக்கிறது. அதற்கு ஒரு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு என்கிறது 160-ஆம் பிரிவு. பிரிட்டிஷ் இந்தியாவுக்கென 1860-இல் இயற்றப்பட்ட சட்டமே 1937-இல் பர்மா தனியாகப் பிரிந்த பின்னும் நிலைத்துவிட்டது. இந்தியா 2024 ஜூலையில் புதிய சட்டத்துக்கு மாறி, இக்குற்றத்தை 194-ஆம் பிரிவில் வைத்தது. யாங்கோனில் பழைய எண்ணே வழங்குகிறது.

நம்மவர் வழக்கிலுள்ள அடிதடி, கைகலப்பு என்ற சொற்கள் சண்டையிடுபவரின் கையைப் பார்க்கின்றன. ‘அஃப்ரே’ என்பதோ சுற்றி நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பிறந்த சொல். அச்சுறுத்துதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. பயந்தவரைக் குறிக்கும் ‘அஃப்ரெய்ட்’ அதன் உடன்பிறப்பு. அந்த பிரெஞ்சு வினைக்கும் மூலமாக, ‘அமைதியிலிருந்து வெளியேற்றுதல்’ என்னும் பொருளில், ஜெர்மானிய அடிச்சொல்லொன்றை உள்ளடக்கிய ‘எக்ஸ்ஃப்ரிதாரே’ என்ற பேச்சு லத்தீன் வடிவத்தை மொழியறிஞர் ஊகிக்கின்றனர். மக்களுக்கு ஏற்படும் திகிலையே ஆங்கிலேயப் பொதுச்சட்டம் வலியுறுத்த, 1860-இன் சட்டம் திகிலை விட்டுவிட்டு அமைதியைப் பிடித்துக்கொண்டது. அறிந்தோ அறியாமலோ, சொல் தன் வேருக்கே திரும்பியது.

யாங்கோனின் அனவ்ரதா சாலைத் தேநீர்க்கடை ஒன்றில் பாக்கிப் பணத்துக்காக இருவர் உரக்க ஏசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வெறும் வாய்ச்சண்டை இப்பிரிவுக்குள் வராது. ஒருவர் மற்றவரின் சட்டையைப் பிடிக்க, அவரும் திருப்பி அடிக்க, முக்காலிகள் உருண்டு, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் எதிர்ச்சாரிக்கு ஓடி, கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துவிட்டால் அது ‘அஃப்ரே’. அதே இருவர் மாடி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துக்கொண்டால் 160 பொருந்தாது. காயம் பட்டிருந்தால் 323-ஆம் பிரிவு பொருந்தலாம். ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ சட்டவிரோத நோக்கத்துடன் கூடி வன்முறையில் இறங்கினால், அது 146-ஆம் பிரிவு சொல்லும் கலகம். தண்டனையும் ஒரு மாதத்தோடு நிற்காது.

அடியைத் தடுப்பதற்காக மட்டும் கையை உயர்த்தியவர் சண்டையிட்டவர் ஆகமாட்டார். ஆனால் அடித்தவர் ஓடத் தொடங்கிய பிறகும் அவரைச் சந்துமுனை வரை துரத்திப் போய் அடித்தால், தற்காப்பு என்று சொல்ல இடமில்லை.