யங் அடல்ட்: இளம் முதியோரா, இளந்தாரியா?

கண்டியில் நடந்த ஓர் ஆய்வு மாநாட்டுக்குத் தமிழ் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்கிற, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்களின் வளர்ச்சி பற்றிய மாநாடு. மண்டபம் பிடித்தோம், ஆய்வுச் சுருக்கங்களைச் சேர்த்தோம், ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாதபடி அமர்வுகளை அடுக்கினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மும்மொழிப் பதாகை அச்சாகி வந்ததும்தான் தலையில் கை வைத்தேன். தமிழ் வரியில் ‘இளம் முதியோர் வளர்ச்சி’ என்றிருந்தது.

சிரித்து முடித்தபின் யோசித்தால், மொழிபெயர்த்தவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியவில்லை. ‘அடல்ட் எடியுகேஷன்’ என்பதைத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் ‘முதியோர் கல்வி’ என்றே சொன்னார்கள். அடல்ட் முதியோர் என்றால் யங் அடல்ட் இளம் முதியோர்தானே! இலங்கையில் நாம் ‘வளர்ந்தோர் கல்வி’ என்கிறோம். இந்த ஒரு விடயத்தில் நம்மவர்கள் சொல்லின் வேரையே பிடித்திருக்கிறார்கள்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘அலேரே’ என்றால் ஊட்டி வளர்த்தல். அதன் வழியில் பிறந்தது ‘அடோலெஸ்கெரே’, வளர்ந்து வருதல். இந்த வினையின் நிகழ்கால வடிவம் ‘அடோலெஸ்கென்ஸ்’, வளர்ந்துகொண்டிருப்பவர். இறந்தகால வடிவம் ‘அடுல்டுஸ்’, வளர்ந்துவிட்டவர். ஆக அடோலசன்ட், அடல்ட் என்று நாம் இரண்டாகப் படிப்பவை ஒரே வினையின் இரண்டு காலங்கள். பழைய மாணவர் சங்கங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ‘அலும்னி’யும் அந்த அலேரே வீட்டுப் பிள்ளைதான், ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்று பொருள்.

அப்படியென்றால் யங் அடல்ட் என்பது ‘இளம் வளர்ந்தோர்’. பொருளில் பிழையில்லை. ஆனால் வாயில் போட்டால் கல் கடித்த சோறு மாதிரி இருக்கிறது.

சட்டத் தமிழுக்குப் போனால் ‘வயது வந்தோர்’ கிடைக்கும். இலங்கையில் ஒருவர் சட்டப்படி வயது வந்தவராகும் எல்லை முன்பு 21 ஆக இருந்தது. 1989இல் அதை 18 ஆக்கினார்கள். தாளில் இந்தச் சொல் கம்பீரமாகத்தான் நிற்கிறது. தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கம் வந்து ‘வயசுக்கு வந்துட்டா’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வீட்டு அக்கா ‘தண்ணி ஊத்துறது எப்ப?’ என்று கேட்பார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பற்றிய ஆய்வுக்கு அப்படித் தலைப்பு வைத்தால் மண்டபம் முழுக்கச் சிரிப்புதான். மலையகத்துக்கு இந்தச் சொல்லோடு வேறொரு கணக்கும் உண்டு. 1931இல் 21 வயது நிரம்பியவர்களுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பெரும்பாலானோர் வயது வந்தும் வாக்கில்லாதவர்களாக நின்றார்கள்.

‘இளைஞர்’ என்று சுலபமாக முடித்துவிடலாமே என்றார் குழுவில் ஒருவர். முடித்திருக்கலாம். ஆனால் 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கைப்படி இளைஞர் என்றால் 15 முதல் 29 வரை. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், இரண்டு குழந்தைகளைப் பெற்றுவிட்டுக் கொழும்பில் கடையில் நிற்கிறவரும் அதற்குள் அடக்கம். மாநாடு பேச வந்தது அவ்வளவு அகலமான வயதைப் பற்றி அல்ல.

அந்த இடைவெளிக்குத் தனிப்பெயர் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட். 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் 18 முதல் 25 வரையான வயதை ‘எமேர்ஜிங் அடல்ட்ஹூட்’ என்றார். நீங்கள் பெரியவராகிவிட்டீர்களா என்று கேட்டால், ஒருவகையில் ஆம், ஒருவகையில் இல்லை என்று பதில் சொல்லும் வயது அது. நம் அம்மாமார் இதை ‘ரெண்டுங்கெட்டான் வயசு’ என்பார்கள். அதில் ஏச்சு கலந்திருப்பதால் பதாகையில் போட முடியாது என்பதுதான் சிக்கல்.

பழந்தமிழில் இந்த வயதுக்குப் பஞ்சமே இல்லை. பெண்ணுக்கு வழக்கமாகச் சொல்லும் பருவக் கணக்கில் 20 முதல் 25 வரை அரிவை. கிட்டத்தட்ட ஆர்னெட் கோடு கிழித்த இடம்! ஆணுக்கு விடலை, பன்னிரு பாட்டியல் என்ற பழைய இலக்கண நூல் அதற்கு முப்பது வயதுவரை இடம் கொடுக்கிறது. சங்கப் பாடல்களில் காதலியை அழைத்துக்கொண்டு பாலைவழி நடக்கிற தலைவனும் விடலைதான். இன்றைக்கோ விடலை என்றால் மீசை அரும்பும் பதினைந்து வயது. அரிவை கவிதையோடு நின்றுவிட்டாள். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைத்துக்கொண்டு ஆய்வு எழுதுவதும் கஷ்டம்.

அப்புறம் ஞாபகத்துக்கு வந்தது, நாம் தினமும் வாயில் வைத்திருக்கும் ‘இளந்தாரி’. பள்ளிக்கூடத்தை முடித்தவன், இன்னும் குடும்பஸ்தன் ஆகாதவன், திருவிழாவுக்குத் தேர் இழுக்க முதல் ஆளாகக் கூப்பிடப்படுகிறவன். வயதெல்லை சரியாகப் பொருந்துகிறது, ஏச்சும் இல்லை. இதை இளம் என்பதோடு ‘தாரி’ சேர்ந்த சொல்லாகப் பிரிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வேடதாரியில் வருகிற அதே தாரி, தரித்தவர் என்ற பொருளில். வளர்ந்துகொண்டிருப்பவரா வளர்ந்துவிட்டவரா என்று இலத்தீன் மாதிரி காலம் பார்க்காமல், இளமையைத் தரித்திருப்பவர் என்று நிறுத்திக்கொள்கிறது இந்தச் சொல். ‘இளந்தாரிப் பருவம்’ என்று எழுதி அனுப்பினேன். கொச்சையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நேரமும் இல்லை, புதுப் பதாகை ‘இளவயதினர்’ என்றே தொங்கியது. இளவயதுத் திருமணம் என்று சிறுபிள்ளைக் கலியாணத்தைச் சொல்லும் ஊரில் அது எந்த வயதைக் குறிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில், தோட்டத்தை விட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச வந்த மாணவி பதாகையைக் கண்டுகொள்ளவே இல்லை. பதினைந்து நிமிடமும் ‘இளந்தாரிகள், இளந்தாரிகள்’ என்றே பேசினார், ஆணையும் பெண்ணையும் சேர்த்து. கேள்வி நேரத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“பிள்ளை, இளந்தாரி ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத்தானே சொல்றது? குமரிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவீங்க?”

“சேர், நானும் பட்டதாரிதான். அதுக்கு வேற பொம்பளைச் சொல்லு இருக்கா?”

பெரியவர் ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.