டீப் கிளீனிங்: ஈறடிக் காரை நீக்கம்

பல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் ‘எஸ்.ஆர்.பி.’ என்று மூன்றெழுத்து இருந்தால், அது ‘ஸ்கேலிங் அண்ட் ரூட் பிளேனிங்’ என்பதன் சுருக்கம். வாயால் சொல்லும்போது அதையே ‘டீப் கிளீனிங்’ என்பார்கள். கேட்பவர் காதில் இது ‘இன்னும் நல்லா சுத்தம் பண்றது’ என்று விழுகிறது. அப்படியானால் போன தடவை செய்தது அரைகுறையா, இல்லை இந்தத் தடவை கூடுதல் பணம் பறிக்கிறார்களா என்று இரண்டு சந்தேகமும் ஒன்றாக எழும். இரண்டுமே ‘டீப்’ என்ற சொல் இழுத்துவிட்ட வினை. இங்கே ஆழம் என்பது சுத்தத்தின் தரம் அல்ல. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளந்து எழுதிய மில்லிமீட்டர் கணக்கு.

பல்லைச் சுற்றி ஈறு ஒட்டாமல் நிற்கும் ஒரு சிறு இடுக்கு எல்லோருக்கும் உண்டு. அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை அதில் இறக்கி அளப்பார்கள். அதன் பெயர் ப்ரோப். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. அழுத்தம் ஏறக்குறைய 25 கிராம்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் கம்பி திசுவுக்குள் புகுந்து பொய்யான ஆழம் காட்டும். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்து, தொட்டதும் ரத்தம் கசிந்து, எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் எலும்பும் கீழிறங்கியிருந்தால் அது பெரியோடான்டைட்டிஸ் என்ற ஈறு நோய். அந்த இடுக்குக்குப் பெயர் பாக்கெட், தமிழில் ஈறுப்பை. இலக்கணப்படி ‘ஈற்றுப்பை’ என்றுதான் எழுத வேண்டும் என்பார்கள். ஆனால் அதைப் படித்தால் மாட்டின் ஈற்றுதான் நினைவுக்கு வருகிறது, அதனால் ‘ஈறுப்பை’யே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஈற்றை முரசு என்பார்கள். அங்கே ‘முரசுப்பை’ என்று சொன்னால் யாருக்கும் விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஈறு வீங்கி மேலே ஏறியிருந்தாலும் கம்பி 4, 5 என்று காட்டும். எலும்பு குறையவில்லை என்றால் அது போலிப் பை. அதற்குச் சாதாரண ஸ்கேலிங்கும் ஒழுங்காகப் பல் துலக்குவதும் போதும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எக்ஸ்ரே இல்லாமல் டீப் கிளீனிங் எழுதினால் காரணம் கேட்பதில் தவறில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஸ்கேல்’ என்பது ஒரே ஒலியில் வந்து சேர்ந்த வெவ்வேறு சொற்கள். பள்ளிப் பையில் இருக்கும் ஸ்கேல், ஏணியைக் குறிக்கும் லத்தீன் ‘ஸ்காலா’விலிருந்து வந்தது. தராசு ஸ்கேல், கிண்ணத்தைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல். மூன்றாவது, பழைய பிரெஞ்சில் ஓடு, உமி என்று பொருள்படும் சொல்லிலிருந்து கிளைத்தது. மீனின் செதிலும், கொதிகலன் உள்ளே படியும் உப்புப் பொருக்கும் இந்த மூன்றாவது ஸ்கேல்தான். ‘ஸ்கேலிங்’ என்றால் அந்தப் பொருக்கை உரித்தெடுப்பது.

உரித்தெடுக்கும் பொருளுக்கே இரண்டு பெயர். ஒன்று டார்ட்டர்: மதுப் பீப்பாயின் உள்சுவரில் படியும் உப்புக்கு இடைக்கால லத்தீனில் இருந்த பெயர். உடலில் கல்லாகப் படிவதையெல்லாம் அந்தப் பெயரால் அழைத்தவர் 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ். இன்னொன்று கால்குலஸ்: லத்தீனில் சிறு கல். சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ அதன் தாய்ச்சொல். கூழாங்கல் வைத்து எண்ணியதால் கணக்குப் பாடத்துக்கும் அதே பெயர் போயிற்று. தமிழில் இது பற்காரை. காரை என்றால் சுவரில் பூசும் சுண்ணாம்புச் சாந்து. பல்லில் படிவதும் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். லத்தீன்காரனுக்குத் தோன்றிய சுண்ணாம்பே தமிழனுக்கும் தோன்றியிருக்கிறது.

தேய்த்து விலக்காத பற்படலம் (பல்லில் ஒட்டும் பாக்டீரியப் பூச்சு) ஒன்றிரண்டு நாளில் சுண்ணமேறத் தொடங்கி, ஏறக்குறைய 12 நாளில் முற்றிய காரையாகும். ஈறுக்கு மேலே படிவதற்கு உப்பு தருவது உமிழ்நீர். அதனால்தான் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், மஞ்சள் வெள்ளையாகக் கனமாகப் படிகிறது. ஈறுக்கு அடியில் படிவது வேறு ரகம். அதற்கு உப்பு, பைக்குள் கசியும் ஈறு நீரிலிருந்து கிடைக்கிறது. ரத்தச் சாயம் ஏறிக் கரும்பழுப்பாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். கடினமும் அதிகம், வேரில் பிடிக்கும் பிடியும் அதிகம். கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. டீப் கிளீனிங் குறிவைப்பது இதை.

பாதிச் சொல் ஆயிற்று. மீதிப் பாதியான ‘ரூட் பிளேனிங்’தான் வில்லங்கம். பிளேன் என்பது தச்சனின் இழைப்புளி. சமதளத்தைக் குறிக்கும் லத்தீன் ‘பிளானஸ்’ வழி வந்தது. ஆகவே ரூட் பிளேனிங் என்றால் வேரை இழைத்தல். ஒரு காலத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்தார்கள். வேரின் மேல்தோலான சிமென்டத்துக்குள் பாக்டீரிய நச்சு ஊறிவிட்டது, அந்த அடுக்கைச் சீவி எடுத்து வேரைக் கண்ணாடியாக வழுவழுப்பாக்கினால்தான் ஈறு மறுபடி ஒட்டும் என்று நம்பினார்கள். 1980களில் வந்த ஆய்வுகள் இதைத் தலைகீழாக்கின. நச்சு ஊறவில்லை, மேலாகத்தான் ஒட்டியிருக்கிறது. மென்மையாகக் கழுவித் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும். சிமென்டத்தைச் சீவிய பற்களும் சீவாத பற்களும் ஒன்றுபோலவே ஆறின. சீவினால் மிஞ்சுவது கூச்சம் மட்டுமே.

அதன் பிறகு ‘டிபிரைட்மென்ட்’ என்ற சொல் வந்தது. அது பிரெஞ்சில் கடிவாளத்தை அவிழ்ப்பது. எப்படியோ அறுவை சிகிச்சைக்குள் வந்து புண்ணைத் துப்புரவாக்குவது என்றாகிவிட்டது. ஐரோப்பியப் பெரியோடான்டாலஜி (ஈறு மருத்துவம்) கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் ‘சப்ஜிஞ்சைவல் இன்ஸ்ட்ருமென்டேஷன்’, அதாவது ஈறுக்கடியில் கருவி கொண்டு செய்யும் வேலை என்றே இருக்கிறது. செய்முறை மாறிவிட்டது, பில்லிலும் சீட்டிலும் இழைப்புளி மட்டும் இன்னும் கிடக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டுப் படிவங்களில் டி4341 என்ற குறியீடு வாயின் ஒரு கால்பகுதியில் நான்கு பல்லுக்கு மேற்பட்ட, அல்லது நான்கு பல் கொண்ட எஸ்.ஆர்.பி.யைக் குறிக்கும், ஒன்று முதல் மூன்று பல் என்றால் டி4342. சாதாரணச் சுத்தம் டி1110. அங்கே இருக்கும் நம்மவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக் கொண்டால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரியும்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஆழ்ந்த சுத்தம்’ என்றால் ‘டீப்’பின் குழப்பத்தை அப்படியே வாங்கிக் கொள்கிறோம். ‘வேர் இழைப்பு’ அழகான சொல்தான், ஆனால் மருத்துவமே கைவிட்ட செயலைச் சொல்கிறது. நோயாளியையும் தேவையில்லாமல் பயமுறுத்தும். ‘ஈறடித் துப்புரவு’ காதுக்கு நகராட்சி வாடை அடிக்கிறது. சாதாரண ஸ்கேலிங்குக்குக் ‘காரை நீக்கம்’, டீப் கிளீனிங்குக்கு ‘ஈறடிக் காரை நீக்கம்’ என்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லிலேயே நிற்கும்: எடுப்பது அதே காரை, எடுக்கும் இடம் ஈறுக்கு அடியில். காரையோடு அதன் மேல் ஒட்டிய பாக்டீரியப் படலமும் போக வேண்டும் என்பது இந்தப் பெயரில் அடங்கவில்லை. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். படலத்தை விட்டுவிட்டுக் காரையை மட்டும் எடுக்க யாராலும் முடியாது. ‘குவாட்ரன்ட்’டுக்கு ‘வாயின் கால்பகுதி’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கினால் கால்வாய்.

பயோரியா என்பது இதே நோயின் பழைய பெயர். கிரேக்கத்தில் சீழ் வடிதல் என்று பொருள். பல்பொடி விளம்பரங்கள் வழியாக நம் ஊரில் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதை ‘ரிக்ஸ் நோய்’ என்றார்கள். ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஜான் ரிக்ஸ், பல்லைப் பிடுங்காமல் வேரைச் சுரண்டியே குணமாக்கப் பார்த்தவர். அவருக்கும் முந்தியவர்கள் உண்டு: ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன், கோர்டோபாவில் வாழ்ந்த அல் சஹ்ராவி தம் அறுவை நூலில் காரை சுரண்டும் கருவிகளைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார்.

இன்றைய நாற்காலியில் நடப்பது இது. முதலில் மரத்துப்போக ஒரு ஊசி, வழக்கமாக 2 சதவீத லிக்னோகெயின், அட்ரினலின் கலந்தது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எது இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கும், முன்பு இதய உள்ளுறை அழற்சி வந்தவர்களுக்கும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவை. பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்றால், வழக்கமான அளவு ஒரு மணி நேரம் முன்பாக அமாக்சிசிலின் 2 கிராம்.

பிறகு அல்ட்ராசோனிக் கருவி. மெல்லிய நுனி விநாடிக்கு 25,000 முதல் 50,000 முறை அதிர்ந்து காரையை உடைக்கும், கூடவே வரும் தண்ணீர் சூட்டைத் தணித்துத் தூளை வெளியே கொண்டுவரும். நுனியின் பக்கவாட்டைத்தான் பல்லில் படரவிட வேண்டும். முனையால் குத்தினால் வேரில் பள்ளம் விழும். நுனி 2 மி.மீ. தேய்ந்தால் வேலைத்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். தேய்ந்த நுனியோடு மல்லுக்கட்டுவதால்தான் சில இடங்களில் வலியும் நேரமும் கூடுகின்றன.

அடுத்து க்யூரெட், அதாவது கைச் சுரண்டி. அமெரிக்கப் பல் மருத்துவர் கிளேட்டன் கிரேசி பெயரில் வழங்கும் தொகுதியில் ஒவ்வொரு எண்ணும் ஒரு இடத்துக்கு: முன்பற்களுக்கு 5/6 போன்றவை, கடைவாய்ப் பற்களின் வெளி, உள்பக்கத்துக்கு 7/8, முன்பக்கச் சந்துக்கு 11/12, பின்பக்கச் சந்துக்கு 13/14. அலகைப் பல்லோடு படுக்கவைத்தபடி ஈறுக்கடியில் நுழைத்து, அடி தொட்டதும் 70, 80 பாகைக்குத் திருப்பி, மேல்நோக்கி இழுப்பார்கள். கோணம் 45 பாகைக்குக் குறைந்தாலோ அலகு மழுங்கியிருந்தாலோ காரை பெயராது. அதன் மேற்பரப்பு மட்டும் பளபளவென்று மெருகேறி, தடவிப் பார்க்கும்போது சுத்தமான வேர்போலவே இருந்து ஏமாற்றும். இந்தச் சிகிச்சை தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் இடம். பை 5 மி.மீ.யைத் தாண்டினால் கண்ணால் பார்க்காமல் கை உணர்வில் மட்டும் முழுக்க எடுப்பது அரிது. கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் கவட்டில் நிலைமை இன்னும் மோசம்: பெரும்பாலான முதல் கடைவாய்ப் பற்களில் அந்தக் கவட்டின் வாய் 1 மி.மீ. கூட இல்லை; சுரண்டியின் அலகோ 0.75 முதல் 1.1 மி.மீ. அகலம். நுழையவே முடியாத இடத்தில் திறமை பேசிப் பயனில்லை. மேலே மட்டும் எடுத்து அடியில் விட்டால் ஈறு மேலே இறுகி மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கட்டி வீங்கும்.

மறுபக்கமும் உண்டு. 3 மி.மீ.க்கும் குறைவான இடுக்கில் இதைச் செய்தால் ஒட்டியிருக்கும் ஈறு கொஞ்சம் இறங்கவே செய்யும். பையே இல்லாதவருக்கு டீப் கிளீனிங் செய்வது வீண் மட்டுமல்ல, கெடுதலும்.

சிகிச்சைக்குப் பின் மரப்பு போகும் வரை சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது, சுட்டாலும் தெரியாது; மென்று தின்றால் கன்னத்தைக் கடித்துக்கொள்ள நேரும். ஓரிரு நாள் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் எழுதியிருந்தால் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இரு முறை; பேஸ்ட் போட்ட அரை மணி கழித்துத்தான், இல்லாவிட்டால் மருந்தின் வேகம் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

‘கிளீன் பண்ணினதுக்கு அப்புறம்தான் பல்லு ஆடுது, சந்து விழுந்துபோச்சு’ என்று சொல்லாதவர் இல்லை. சந்து முன்பே இருந்தது, காரை அதை அடைத்துக்கொண்டு இருந்தது. எலும்பு போன பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியிருந்தது. அது போனதும் உண்மை நிலை தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கும்போது வேர் வெளியே தெரிந்து கூச்சமும் வரும். பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டோடு சில வாரத்தில் அடங்கும். ஆட்டமும் பலருக்கு ஓரளவு குறையும். இழந்த எலும்பு மட்டும் இந்தச் சிகிச்சையால் திரும்பாது. 4 முதல் 6 மி.மீ. பைகள் சராசரியாக 1 மி.மீ. சொச்சம் குறையும், 7 மி.மீ.க்கு மேற்பட்டவை 2 மி.மீ. அளவு. புகைபிடிப்பவருக்கு இதுவும் குறைவாகத்தான் கிடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு கூடுதல் லாபம்: ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது.

உள்ளே ஆறிக்கொண்டிருப்பதைக் கலைத்துவிடக் கூடாது என்பதால் நான்கு வாரத்துக்குள் மறுபடி கம்பி இறக்கி அளக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் கழித்து அளவு எடுப்பார்கள். அப்போதும் 6 மி.மீ.யோ அதற்கு மேலோ நின்றால் அடுத்தது ஃப்ளாப் அறுவை. ஈற்றை மடல்போல் விலக்கி வேரைக் கண்ணால் பார்த்தே காரை எடுப்பது. தமிழில் ‘ஈறுமடல் அறுவை’ எனலாம்.