வட்டம் ஏன் தட்டையாகிறது?

“பழைய மில்லிங் மெஷினில் ஹேண்டிலைக் கழற்றிவிட்டு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டிவிட்டேன். நேர்கோடு அளவாக வருகிறது. வட்டம் மட்டும் நான்கு பக்கமும் தட்டையாகிவிடுகிறது. புரோகிராமில் என்ன தப்பு?” என்று கேட்கிறார், ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர்.

புரோகிராமில் தப்பே இல்லை. டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

மோட்டார் கணக்கு எளிது. ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, அதாவது சுற்றுக்கு 200 ஸ்டெப். மோட்டாரை ஓட்டும் மின்கருவியான டிரைவரை 8 மைக்ரோஸ்டெப்பில் வைத்தால், ஒவ்வொரு ஸ்டெப்பும் எட்டாகப் பிரிந்து சுற்றுக்கு 1600 பல்ஸ் (மின்துடிப்பு). ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு டேபிளை 5 மி.மீ. நகர்த்தினால், மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். ஒரே திசையில் போகும்வரை இந்த எண் போதும்.

திசை மாறும்போதுதான் வினை. ஸ்க்ரூவின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே தேய்மானத்தால் இடைவெளி இருக்கும். பட்டறையில் ‘ப்ளே’ என்கிறோமே, அதுதான் பேக்லாஷ். கையால் ஓட்டுபவருக்கு இது பழக்கம். அளவைத் தாண்டிவிட்டால் அரைச்சுற்று பின்னால் வந்து, பழைய பக்கத்திலிருந்தே மறுபடி அளவுக்கு வருவார். வட்டத்தில் அதற்கு வழியில்லை. வலது ஓரத்தைத் தொட்டதும் எக்ஸ் அச்சு, அதாவது டேபிளின் இட வல நகர்வு, திரும்பியே ஆக வேண்டும்.

0.3 மி.மீ. பேக்லாஷ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டரின் பாதை 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம். வலது ஓரத்தில் எக்ஸ் மோட்டார் திரும்பிச் சுற்றத் தொடங்குகிறது, டேபிளோ அந்தப் பக்கம் அசையவில்லை. மோட்டார் அந்த 0.3 மி.மீ.யைக் கடக்கும் நேரத்தில் ஒய் அச்சு (முன் பின் நகர்வு) எவ்வளவு போயிருக்கும்? ஏறத்தாழ 3.9 மி.மீ.! ஓரத்தில் வட்டம் அவ்வளவு மெதுவாக வளைவதால், மயிரிழைத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் நேர்கோடாகிவிடுகிறது. எக்ஸ் இரண்டு இடத்தில் திரும்பும், ஒய் இரண்டு இடத்தில் திரும்பும். ஆகவே நான்கு தட்டை.

திசை மாறும்போது ப்ளே அளவுக்கு மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றவைக்கும் ‘பேக்லாஷ் காம்பன்சேஷன்’ சாஃப்ட்வேரில் போட்டால் போதாதா என்பார்கள். பாதிதான் தீரும். பழைய ஸ்க்ரூ நடுவில் அதிகமும் ஓரங்களில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. நடுப்பகுதிக்கு நட்டை இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம் கிளைம்ப் மில்லிங், அதாவது கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே டேபிளையும் நகர்த்தி வெட்டுவது. கட்டரின் பல்லே டேபிளைத் தன் பக்கம் இழுத்து, அந்த இடைவெளிக்குள் பாய வைக்கும். கட்டர் உடைவது அப்படித்தான். ‘இந்த மெஷின் ராசியில்லை’ என்று ஒதுக்கும் முன், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை டேபிளில் வையுங்கள். கழற்றிய ஹேண்டிலை மறுபடி மாட்டி, ஒரு பக்கம் சுற்றி முள் நகர்ந்ததும் பூஜ்யமாக்கி, எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். முள் அசையும்வரை ஹேண்டில் டயலில் எத்தனை கோடு கடந்ததோ, அதுதான் அந்த ராசி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது தொழிலுக்குச் செய்யும் மரியாதை, அதில் எனக்குக் குறையில்லை. அளந்து பார்ப்பதும் அதே மரியாதைதான்.

நிரந்தரத் தீர்வு பால் ஸ்க்ரூ. மரையும் மரையும் உரசுவதற்குப் பதில் எஃகுக் குண்டுகள் உருளும். இடைவெளியில் இறுக்கமாகப் பொருந்தும்படி சற்றே பெரிய குண்டுகளைப் போட்டாலோ, இரட்டை நட் வைத்து எதிரெதிரே தள்ளினாலோ, குண்டுகள் பள்ளத்தின் இரு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். திசை மாறினாலும் கடக்க வேண்டிய வெற்றிடம் அங்கே இல்லை. இதற்கு ‘பிரீலோடு’ என்று பெயர். ஸ்க்ரூவின் முனையில் சாதாரண பேரிங் போட்டு ஏமாறாதீர்கள். ஸ்க்ரூவை நீளவாக்கில் அசையவிடாத ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடி வேண்டும், இல்லையேல் ப்ளே நட்டை விட்டு பேரிங்குக்குக் குடிபெயரும். நட்டின் இரு முனையிலும் தூளைத் துடைத்துத் தடுக்கும் வைப்பர் கட்டாயம். காஸ்ட் அயர்ன் தூள் உள்ளே போனால் குண்டுகள் பள்ளத்தைச் சிராய்த்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்க்ரூவில் உராய்வு அதிகம், கரண்ட் போனாலும் கட்டரைத் தாங்கும் ஹெட் நின்ற இடத்தில் நிற்கும். பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் அளவுக்கு இருப்பதால் ஹெட்டின் எடையே ஸ்க்ரூவைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கும். மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டாரோ எதிர் எடையோ வையுங்கள். அச்சு எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச், சாதாரண நிலையில் கரண்ட் ஓடும் ‘நார்மலி குளோஸ்டு’ வகையாக இருக்கட்டும், வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். எமர்ஜென்சி பட்டன் கம்ப்யூட்டரை அல்ல, டிரைவருக்குப் போகும் பவரையே வெட்ட வேண்டும்.

1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டிய என்சி மெஷினும் (எண் கட்டளையால் ஓடுவது) புதிதாக வார்த்ததல்ல. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற மில்லிங் மெஷினை மாற்றியமைத்ததுதான். நம் ஓசூர், தருமபுரி ஐடிஐகளுக்கும், கம்ப்யூட்டரால் ஓடும் புது சிஎன்சி மெஷினோடு, பிரித்து மாற்றிப் பழக ஒரு பழைய மெஷினுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

மாட்டி முடித்ததும் டயல் கேஜை மறுபடி வையுங்கள். 0.01 மி.மீ. வீதம் பத்து முறை முன்னே, பத்து முறை பின்னே கட்டளை கொடுங்கள். திரும்பும் முதல் கட்டளைக்கே முள் அசைந்தால், அலுமினியத் துண்டை வைஸில் கட்டி வட்டத்தை வெட்டலாம்.