கீட்டோவில் டாப்ஸ்பின் ஏன் இறங்க மறுக்கிறது?

டென்னிஸ் தரவரிசையில் 100-க்கு வெளியே இருக்கும் ஒருவர் தகுதிச்சுற்று ஆடி வந்து ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) கோப்பையே வாங்கிவிட முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். 2018 பிப்ரவரியில் ஸ்பெயினின் ரொபெர்த்தோ கர்பாயெஸ் பயேனா, ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் வாங்கினார். இறுதிச்சுற்றில் அவரிடம் தோற்றவரும் ஸ்பானியரே: முந்தைய ஆண்டு மான்டே கார்லோ இறுதிச்சுற்று வரை போன அல்பெர்ட் ராமோஸ். மான்டே கார்லோ கடலோரம்; கீட்டோ 2,850 மீட்டர் உயரம்.

செம்மண் தரையில் வளர்ந்த ஸ்பானிய வீரர்களின் பிழைப்பே டாப்ஸ்பின்தான். மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி இழுத்தால் பந்து முன்புறமாக உருண்டபடியே பறக்கும். அப்போது அதன் மேற்பக்கம் எதிர்க்காற்றோடு மோதுகிறது, கீழ்ப்பக்கம் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. பந்தின் ரோமத்தை ஒட்டிப் போகும் காற்று மேலே சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. கீழேயோ இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டியிருந்து, வளைந்து, பந்துக்குப் பின்னால் மேல்நோக்கி வீசப்படுகிறது. காற்றை மேலே தள்ளிய பந்து கீழே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். பலமாகச் சுழற்றினால் இந்த விசை பந்தின் எடையில் பாதியையும் தாண்டும். அதனால்தான் வலைக்கு ஒரு மீட்டர் மேலே போகும் பந்துகூடக் கோட்டுக்குள் விழுகிறது. எனக்கு டென்னிஸில் இதைவிட அழகான காட்சி இல்லை.

ஆனால் தள்ளுவதற்குக் காற்று வேண்டுமே! கீட்டோவில் அதன் அடர்த்தி ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பந்தை இழுத்துப் பிடிக்கும் தடையும் குறைகிறது, கீழே அமுக்கும் விசையும் குறைகிறது. கடலோரத்தில் கோட்டில் விழும் அடி இங்கே வெளியே போய்விடும். 1,219 மீட்டருக்கு மேல் துள்ளல் குறைந்த தனிப் பந்துக்கு விதிகள் இடம் தருகின்றன. துள்ளலைச் சரிசெய்யலாம், காற்றை எங்கே போய்க் கொண்டுவருவது? ஆக, பெரிய வீரரின் பழகிய கணக்கும் இங்கே குலைகிறது. சின்ன வீரருக்கு ஒரு வாசல் திறக்கிறது.

டொமினிக்கன் குடியரசின் விக்டர் எஸ்ட்ரெயா இதே கீட்டோவில் 2015 முதல் 2017 வரை மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். ராசியான மைதானம் என்பார்கள். அந்த ராசியில் பாதியைக் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரில் படிக்கலாம் என்பேன். மீதிப் பாதி உழைப்பு. கர்பாயெஸ் மலைக்காற்றை நம்பி மட்டும் இருந்தவர் அல்ல. அடுத்த கோப்பையை 2023-இல் மராகேஷில் எடுத்தார். அந்த ஊரின் உயரம் 500 மீட்டர்கூட இல்லை.