பனிக்கரடிக் குடும்பத்தைப் படமெடுக்கப் புறப்படும் முன்

காசிமேட்டின் அதிகாலை மீன் ஏலத்தைப் படமெடுத்துக் கைதேர்ந்த இளைஞர்கள் சிலர், பனிக்கரடிகளையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையோடு ராயபுரத்திலுள்ள என் ஸ்டுடியோவுக்கு வந்து முதலில் கேட்பது, எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் தாய்க்கரடியின் நிலையை அறிந்துகொள்வது அவசியம்.

கனடாவின் சர்ச்சில் ஊருக்கு அருகிலுள்ள வாபுஸ்க் தேசியப் பூங்காவில், பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் தாய்க்கரடிகள் குட்டிகளோடு வளையை விட்டு வெளியே வருகின்றன. பிறக்கும்போது சுமார் 600 கிராம் எடையே இருந்த குட்டி, அப்போது 10 கிலோ அளவுக்கு வளர்ந்திருக்கும். கோடையில் ஹட்சன் விரிகுடாவின் கடற்பனி உருகியதிலிருந்து ஏறக்குறைய 8 மாதம் இரையே இல்லாமல், உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத் தாய் கொடுத்த பாலில் வந்த எடை அது. குட்டிகள் குளிருக்குப் பழகும்வரை வளையருகே சில நாட்கள் தங்கிவிட்டுத்தான், சீல் வேட்டைக்காக அவற்றைத் தாய் கடற்பனிக்கு அழைத்துச் செல்லும். நாம் நெருங்கிப்போய் அதை முன்கூட்டியே கிளம்ப வைத்தால், மிச்சமிருக்கும் கொழுப்பும் வீணாகும், குட்டிகளும் தளர்ந்துபோகும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டரும், மற்ற மாதங்களில் 300 மீட்டரும் விலகியே நிற்க வேண்டும் என்ற சட்டம் 2025 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வளவு தொலைவில் கரடி சிறிதாகத்தான் தெரியும் என்பதால், சுற்றியுள்ள பனிவெளியையும் சேர்த்துப் படமாக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர் தாங்காதவர்தான், சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியை முன்னே போகச் சொல்லி நச்சரிப்பார். மைனஸ் 40 டிகிரியில் காற்றும் சேர்ந்துகொண்டால், மூடாத விரல்கள் சில நிமிடங்களிலேயே உறைந்துபோகக்கூடும். ஆகவே தடித்த கையுறைக்குள் மெல்லிய கையுறை ஒன்றும் தேவை. குளிரில் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், மாற்று பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். வெண்பனியைக் கேமரா சாம்பலாகக் காட்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப்புக்குமேல் (இரு மடங்குக்குமேல்) கூட்டினால் சரியாகும்.

ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்ததும் லென்ஸில் நீர் பூப்பதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது அது நடக்கும், கேமராவின் உட்புறமும் நனைந்துவிடலாம். எனவே வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, அறைச்சூட்டுக்கு அது வரும்வரை திறக்காமல் வைக்க வேண்டும். எடுத்த படங்களை உடனே பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்பவர்கள், மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொள்ளலாம்.